படகு கேட்ட கேள்வி



ஆனைக்கரை என்ற பெயரைக் கேட்டதும் ஆற்றங்கரையையோ கடற்கரையையோ நினைத்துவிடாதீர்கள். பாலக்காடு மாவட்டத்திலும் அப்பெயரில் ஓர் ஊர் உண்டு. நான் பிறந்த ஆனைக்கரை இடுக்கி மாவட்டத்தில், குமுளிக்கு அப்பால், ஏலத்தோட்டங்களின் நடுவே ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் உயரத்தில் இருக்கிறது. என் பெற்றோர் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஏலக்காய் பறிக்க மலையேறி வந்தவர்கள். பதினெட்டு வயது வரை நான் கடலைக் கண்டதில்லை. வேதாகமக் கல்லூரியில் சேர்ந்த ஆண்டில்தான் முதன்முதலாக அலையில் கால் நனைத்தேன். இன்றும் எனக்கு நீச்சல் தெரியாது. ஞானஸ்நானம் கொடுக்க இடுப்பளவு தண்ணீரில் இறங்குவதே தண்ணீரோடு எனக்குள்ள முழு உறவு.

அப்படிப்பட்டவனுடைய மகள் 2024 ஆகஸ்ட் மாதத்தில் ஓர் இரவு, சாப்பிட்ட தட்டுகளை எடுத்து வைத்துவிட்டு, மேசையின்மேல் மடிக்கணினியைத் திறந்தாள். "அப்பா, டிசம்பரில் மாலத்தீவு போகிறோம். ஏழு இரவும் படகிலேயே தங்கி, தினமும் கடலுக்குள் இறங்குவோம்" என்றாள். என் மனைவியின் முகம் மாறிற்று. "யார் யார்?" என்பதே அவளுடைய முதல் கேள்வி. மணமான இரண்டு தம்பதியர், கூடப் பணிபுரியும் இரண்டு தோழியர் என்று பதில் வந்தது. "எதற்கு?" என்பது என் கேள்வி. அதற்கு அவள் பதில் சொல்லாமல் ஒரு படத்தைக் காட்டினாள். பாய்போல அகன்ற ஒரு மேண்டாத் திருக்கை, கீழே மண்டியிட்டிருந்த மனிதர்களின் தலைக்கு மேலாகப் பறந்து சென்றது. சிறிது நேரம் மூவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அவள் பெங்களூரில் கணினி நிறுவனமொன்றில் வேலை செய்கிறாள். 2022 இல் புதுச்சேரியில் ஸ்கூபா முக்குளிப்பின் முதல் பயிற்சியை முடித்தாள். அடுத்த ஆண்டு அந்தமானின் சுவராஜ் தீவில் முப்பது மீட்டர் வரை இறங்குவதற்கான சான்று பெற்றாள். 2018 வரை ஹேவ்லாக் என்று வழங்கிய தீவு அது. மலைநாட்டு ஏலத்தொழிலாளியின் பேத்தி கடலுக்கு அடியில் மூச்சு விடக் கற்றுக்கொண்டதில் எனக்கு உள்ளூரப் பெருமையும் உண்டு என்பதை மறைப்பதற்கில்லை.

பிள்ளைகள் செய்வது நமக்குப் புரியாதபோது வேண்டாம் என்று சொல்லிவிடுவது எளிது. அதற்குமுன் அறிந்துகொள்வது நம் கடமை என்று எண்ணி, அடுத்த சில வாரங்கள் அவளுடைய திட்டத்தையே பாடமாகப் படித்தேன்.

மாலத்தீவு என்பது ஏறக்குறைய ஆயிரத்து இருநூறு சிறு தீவுகளின் கூட்டம். அவை வளையம் வளையமாகப் பவளப்பாறைகளின்மேல் அமைந்திருக்கின்றன. நம்முடைய லட்சத்தீவின் தென்கோடியான மினிக்காயில் பேசப்படும் மொழியும் அவர்களுடைய திவேஹி மொழியும் ஒரே குடும்பம். கொச்சியிலிருந்து நேர் விமானம் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் மாலே சேர்ந்துவிடலாம். இந்தியருக்கு அங்கே இறங்கும்போதே அனுமதி கட்டணமின்றிக் கிடைக்கிறது. இஸ்லாம் அரச மதம். வேறு மதங்களைப் பரப்புவது அங்கே சட்டப்படி குற்றம். பயணிகள் மது எடுத்துச் செல்லவும் தடை. அந்த ஞாயிற்றுக்கிழமையில் மகளுக்குச் சபை ஆராதனை இராது என்பதை அப்போதே குறித்துக்கொண்டோம்.

1972 இல் முதல் உல்லாச விடுதி திறக்கப்பட்ட நாடு அது. விடுதியில் தங்கினால் அதைச் சுற்றியுள்ள பாறைகளை மட்டும் காணலாம். படகிலே தங்குகிறவர்களோ இரவில் ஓரிடம், பகலில் வேறிடம் என்று வளையத்துக்கு வளையம் போகலாம். பெரிய படகில் உறங்கி, உண்டு, இளைப்பாறுவார்கள். காற்று உருளைகளையும் அவற்றை நிரப்பும் கம்ப்ரெசர் இயந்திரத்தையும் சுமந்துகொண்டு தோணி என்னும் சிறு படகு கூடவே வரும். அவர்கள் தோணியைச் சொல்வதும் ஏறக்குறைய நம் சொல்லைப் போலவே இருப்பதைக் கேட்டு மகிழ்ந்தேன்.

எந்த மாதம் என்பதும் முக்கியம். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வடகிழக்குக் காற்றின் காலம். வானம் தெளிந்திருக்கும். நடுப்பகுதி வளையங்களான மாலே, வாவு, ஆரி ஆகியவற்றைச் சுற்றிவரப் படகுகள் பெரும்பாலும் அப்போது புறப்படும். ஆரி வளையத்தின் தென்முனையில் திமிங்கலச் சுறாக்கள் ஆண்டு முழுவதும் காணப்படுவதால் 2009 இல் அப்பகுதி பாதுகாக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. 2010 இல் நாடு முழுவதும் சுறா பிடிப்பதே தடை செய்யப்பட்டது. வளையங்களுக்கு இடையிலுள்ள கால்வாய்களில் நீரோட்டம் வலிமையாக இருக்கும். ஆகையால் பல படகுகள் முன் அனுபவம் இல்லாதவர்களை ஏற்பதில்லை. பொழுதுபோக்காக இறங்குகிறவர்கள் முப்பது மீட்டருக்குக் கீழே போகக்கூடாது என்பது அந்நாட்டின் விதி.

திரும்பி வருவதைத்தான் அவள் மிகவும் யோசித்துத் திட்டமிட்டிருந்தாள். ஆழத்தில் அழுத்தத்தோடு சுவாசிக்கும்போது காற்றிலுள்ள நைட்ரஜன் உடலின் திசுக்களில் கரைகிறது. மெதுவாக மேலே வந்தால் அது மெதுவாக வெளியேறும். விரைந்து வந்தால், சோடாப் புட்டியைத் திறந்ததுபோல உடலுக்குள்ளேயே குமிழிகள் தோன்றும். மூட்டுவலி முதல் பக்கவாதம் வரை அதனால் நேரிடலாம். தூத்துக்குடிப் பகுதியில் கம்ப்ரெசர் குழாயை வாயில் கடித்துச் சங்கு குளிக்கிற தொழிலாளர் சிலர், கால்கள் செயலிழந்து வீட்டிலே கிடப்பதற்குக் காரணம் இதுவே. விமானத்தில் காற்றழுத்தம் குறைவு. ஆகவே பல நாட்கள் தொடர்ந்து முக்குளித்தவர்கள் கடைசியாக நீரை விட்டு வந்தபின் குறைந்தது பதினெட்டு மணி நேரம் கழித்தே விமானம் ஏறவேண்டும். மகள் இருபத்துநான்கு மணி நேரம் விட்டிருந்தாள்.

அதற்கு அவள் சொன்ன காரணம் என் மனதைத் தொட்டது. "கொச்சியில் இறங்கி, தொடுபுழை, கட்டப்பனை வழியாக நேரே அப்பத்தா வீட்டுக்கு வந்துவிடுவேன். மலையேறுவதும் விமானம் ஏறுவதும் உடலுக்கு ஒன்றுதான் அப்பா. கடலில் குளித்த அன்றே காரில் கொடைக்கானல் ஏறினாலும் அதே ஆபத்துதான்" என்றாள். கிறிஸ்துமஸுக்கு எண்பது கடந்த என் தாயார் ஆனைக்கரையில் காத்திருப்பார் என்பதை அவள் மறக்கவில்லை. கடலின் அடியையும் எங்கள் மலையையும் ஒரே தாளில் வைத்துக் கணக்கிட்டிருந்தாள். இவ்வளவு பொறுப்புள்ள பிள்ளையைக் குறித்து எனக்கென்ன கவலை என்று எண்ணினேன். முன்பணம் கட்டினாள்.

செப்டம்பர் மாதத்தில் படகுக்காரர்கள் அனுப்பிய உடல்நலப் படிவம் வந்தது. முக்குளிப்போர் உலகெங்கும் நிரப்பும் படிவம் அது. 2020 இல் மருத்துவர் குழு ஒன்று அதைத் திருத்தி அமைத்தது. முதல் பக்கத்தில் பத்துக் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ஆம் அல்லது இல்லை. எல்லாவற்றுக்கும் இல்லை என்றால் நாமே கையெழுத்திட்டு அனுப்பலாம். குறிப்பிட்ட சில கேள்விகளுக்கு ஆம் என்று விழுந்தால் மேலும் சில கேள்விகள் வரும். அவற்றுள் ஒன்றுக்காவது ஆம் என்றால், மருத்துவர் பரிசோதித்துக் கையெழுத்திட வேண்டும்.

அவள் அதை அச்சிட்டு, நிரப்பி, மேசையின்மேல் வைத்துவிட்டுக் குளிக்கச் சென்றாள். நான் எடுத்துப் பார்த்தேன். பத்துக் கேள்விகளுக்கும் இல்லை, இல்லை, இல்லை என்றே குறியிட்டிருந்தாள்.

முதல் கேள்வி நுரையீரலையும் சுவாசத்தையும் பற்றியது. அதைத் தொடரும் பகுதி, கடந்த பன்னிரண்டு மாதங்களுக்குள் உடல் உழைப்பைத் தடுக்கும் அளவுக்கு ஆஸ்துமாவோ இழுப்போ இருந்ததா என்று கேட்கிறது.

இருந்தது. 2023 கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஆனைக்கரையில் பனி இறங்கிய இரவு அது. பக்கத்து ஏலக்காய் ஸ்டோரின் விறகுப்புகையும் சேர்ந்துகொண்டது. சாலையிலிருந்து அப்பத்தாவின் வீட்டுக்கு ஏறும் சரிவில் பாதியிலேயே அவள் உட்கார்ந்துவிட்டாள். நெஞ்சு விசிலடித்தது. நள்ளிரவில் ஜீப் பிடித்து மருத்துவமனைக்குக் கொண்டுபோய், மூக்கில் மருந்துப்புகை கொடுத்து, விடியற்காலையில் திரும்பினோம். சிறுவயதில் இருந்த இழுப்பு பல ஆண்டுகள் மறைந்திருந்து அன்று திரும்பி வந்தது. 2022 இல் புதுச்சேரியில் அவள் இல்லை என்று எழுதியது பொய்யல்ல. இப்போது எழுதியதோ பொய்.

அவள் வந்ததும், "இந்தக் கேள்விக்கு நீ உண்மையை எழுதவில்லையே" என்றேன். என் குரலில் பிரசங்கியின் தோரணை இருந்திருக்கும். அவள் கோபப்படவில்லை. தலையைத் துவட்டிக்கொண்டே அமைதியாகச் சொன்னாள்: "அப்பா, போன மாதம் நீங்கள் எழுதியதைத்தான் நானும் எழுதினேன்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அடுத்த நொடியில் புரிந்தது.

ஜூலையில் என் உடன் ஊழியர் ஒருவர் ஒரு வரனைக் குறித்துப் பேசியிருந்தார். நல்ல குடும்பம். பெண்ணைப் பற்றிய விவரத்தாள் ஒன்று அனுப்பச் சொன்னார். இரண்டு வரன்களும் விசாரணையில் இருந்தபடியால் ஆகஸ்டில் இருவருக்கும் அனுப்பினேன். உயரம், படிப்பு, சம்பளம், இரட்சிக்கப்பட்ட ஆண்டு, எல்லாவற்றையும் என் கையாலே எழுதினேன். உடல்நலம் என்ற இடத்தில் என் பேனா நின்றது. "இழுப்பு என்று எழுதினால் யார் வருவார்கள்? கல்யாணத்துக்குப் பிறகு தெரிந்துகொள்ளட்டும். உயிர்போகிற நோயா அது?" என்றாள் என் மனைவி. தாயின் பயம் அது. அதை நான் குறைசொல்ல மாட்டேன். எழுதியவன் நான். "பூரண ஆரோக்கியம். எந்த நோயும் இல்லை" என்று எழுதினேன். அவள் அப்போது அறையிலேயே இருந்தாள். மறுக்கவில்லை. எங்களைப் பார்த்தாள், அவ்வளவுதான். கற்றுக்கொண்டாள் என்பது எனக்குத் தெரியாமல் போயிற்று.

முப்பது ஆண்டுகளாகப் பிரசங்க மேடையில் நின்று உண்மையைப் பற்றிப் பேசியவன் அன்று என் மேசைமுன் வாயடைத்து நின்றேன். அந்த இரவு உறக்கமில்லை. மகளைக் கண்டிக்க எனக்கு இருந்த தகுதி விவரத்தாளோடு தபாலில் போய்விட்டது.

காலையில் இருவரும் ஒரு உடன்படிக்கை செய்துகொண்டோம். அவள் தன் தாளைத் திருத்துவாள். நான் என் தாளைத் திருத்துவேன்.

கோயம்புத்தூரில் நெஞ்சக மருத்துவர் ஒருவரிடம் சென்றோம். அவர் குழாயில் ஊதச்சொல்லி மூச்சின் அளவைப் பார்த்தார். மருந்தை உறிஞ்சியபின் மறுபடியும் பார்த்தார். மருந்துக்குப்பின் அளவு கணிசமாக உயர்ந்தது. "அப்படியானால் மூச்சுக்குழாய் இப்போதும் சுருங்கித்தான் இருக்கிறது. உனக்குத்தான் தெரியவில்லை" என்றார். பிறகு ஒரு தாளில் படம் வரைந்து, நீச்சல் தெரியாத எனக்கும் விளங்கும்படி சொன்னார்.

கடல்மட்டத்தில் நம்மைச் சுற்றியுள்ள அழுத்தம் ஒரு பங்கு. பத்து மீட்டர் ஆழத்தில் இரண்டு பங்கு. இருபதில் மூன்று. முப்பதில் நான்கு. அழுத்தம் குறைந்தால் காற்று விரியும். 1662 இல் ராபர்ட் பாயில் வெளியிட்ட விதி அது. பத்து மீட்டரில் இழுத்த மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தால், அதே காற்று இரண்டு மடங்காகும். ஆகையால்தான் முக்குளிப்பவர் ஒருபோதும் மூச்சை அடக்கக்கூடாது என்பது முதல் பாடம். இழுப்பு உள்ளவர் அடக்காமலே அடங்கிவிடும். சுருங்கிய குழாய்க்குப் பின்னால் சிக்கிய காற்று வெளியேற வழியின்றி விரியும். நுரையீரல் கிழியும். இரத்தத்தில் நுழைந்த குமிழி மூளைக்குச் செல்லும். அதுவுமன்றி, உருளையிலுள்ள காற்று ஈரமற்றது. ரெகுலேட்டர் வழியே வரும்போது குளிர்ந்திருக்கும். இழுப்பைக் கிளப்புவதற்கு ஏற்ற காற்று.

"ஆஸ்துமா என்றாலே கூடாது என்று முன்பு சொன்னோம். இப்போது நன்றாகக் கட்டுக்குள் இருப்பவர்களை ஒவ்வொருவராகப் பார்த்து முடிவு செய்கிறோம். ஆனால் குளிரிலும் உழைப்பிலும் இழுப்பு வருகிறவர்களுக்கு நான் கையெழுத்திடுவதில்லை. மாதக்கணக்கில் மருந்து எடுத்துவிட்டு வா. ஓடவைத்துச் சோதிப்போம். அதன்பிறகும் இல்லை என்றுதான் சொல்லும்படி ஆகலாம்" என்றார். மகள் கேட்டுக்கொண்டாள். வெளியே வந்து வண்டி நிறுத்துமிடத்தில் சிறிது அழுதாள். நான் அருகே நின்றேன். சொல்வதற்கு என்னிடம் ஏதுமில்லை.

அன்று மாலை அவள் சொன்ன ஒன்று இன்றும் என்னோடு இருக்கிறது. "அப்பா, தண்ணீருக்குள் யாரும் தனியாக இறங்குவதில்லை. இருவர் இருவராகத்தான். எனக்கு மூச்சு முட்டியிருந்தால் என்னை விட்டுவிட்டு அவள் மேலே போயிருக்க மாட்டாள். அவசரமாக என்னைத் தூக்கிக்கொண்டு வந்திருப்பாள். அவளுக்கும் ஆபத்து. நான் அவளிடமும் பொய் சொல்லியிருக்கிறேன்."

அதைக் கேட்டபோது நம் தென்கடலில் பழங்காலத்தில் முத்துக்குளித்தவர்கள் நினைவுக்கு வந்தார்கள். கல்லைக் கட்டிக்கொண்டு இறங்குகிறவனுடைய கயிறு படகில் ஒருவன் கையில் இருக்கும். அந்தக் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பார்களாம். தன் சகோதரி விதவையாவதை அவன் விரும்பமாட்டான் என்பதால் அப்படி என்று கடற்கரையில் சொல்லக் கேட்டிருக்கிறேன். மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு 1961 ஓடு நின்றுவிட்டது. கயிற்றின் கதை நிற்கவில்லை. நாம் ஒருவர் கயிற்றை ஒருவர் பிடித்துத்தான் வாழ்கிறோம். திருமணமும் அப்படிப்பட்ட ஒரு கயிறு அல்லவா? என் மகளின் கயிற்றைப் பிடிக்கப்போகிற ஒருவனிடம், அவளுடைய மூச்சைப் பற்றியே நான் பொய் எழுதினேன். ஒரு பனிக்கால நள்ளிரவில் அவள் நெஞ்சு விசிலடிக்கும்போது, என்ன மருந்து, எங்கே இருக்கிறது என்று தெரியாமல் அவன் திகைத்து நிற்கவேண்டும் என்பதா என் விருப்பம்?

இரண்டு குடும்பங்களுக்கும் கடிதம் எழுதினேன். முன்பு எழுதியது உண்மையல்ல என்றும், தவறு என்னுடையது, மகளுடையதல்ல என்றும் எழுதினேன். ஒரு குடும்பத்திலிருந்து இன்றுவரை பதில் இல்லை. மற்றவர்கள் தொலைபேசியில் அழைத்து, எங்கள் வீட்டிலும் ஒருவருக்கு இருக்கிறது, எந்த மருத்துவரிடம் காட்டுகிறீர்கள் என்று கேட்டார்கள். பேச்சு அவ்வளவில் நிற்கிறது. அது முடிந்தாலும் முடியாவிட்டாலும், என் மனைவியும் நானும் இப்போது நிம்மதியாக உறங்குகிறோம்.

டிசம்பரில் மற்ற அறுவரும் புறப்பட்டார்கள். மகளின் இடத்துக்கு வேறொருவர் கிடைத்தபடியால் முன்பணத்தில் பெரும்பகுதி திரும்பி வந்தது. கிறிஸ்துமஸுக்குக் கம்பம், குமுளி வழியாக எங்களோடு மலையேறினாள். பையில் தினமருந்து இருந்தது. ஸ்டோரில் புகை எழுந்த நேரத்தில் சன்னலை அவளே எழுந்து சாத்தினாள். அந்த ஆண்டு ஜீப் தேவைப்படவில்லை. தோழியர் அனுப்பிய படங்களைத் தன் அப்பத்தாவுக்குக் காட்டினாள். என் தாயார் திமிங்கலச் சுறாவை வெகுநேரம் உற்றுப்பார்த்துவிட்டு, "இது ஆனைக்கரைக்கு ஏற்ற மீன்தான்" என்றார். வீடே சிரித்தது.

அவள் தன் ஆசையை விட்டுவிடவில்லை. அடுத்த பருவத்துக்கான திட்டம் ஒன்று அவள் மடிக்கணினியில் இருக்கிறது. இம்முறை அதன் முதல் வரி மருத்துவரின் கையெழுத்து. அது கிடைக்கும்வரை முன்பணம் இல்லை என்று எழுதியிருக்கிறாள். கிடைக்காமலே போகலாம் என்பதும் அவளுக்குத் தெரியும். அப்படியானால் பவளத்திட்டின் மேலே முகமூடியோடு மிதந்து பார்ப்பதற்கு எந்த ஆழமும் வேண்டாம் என்கிறாள்.

பெற்றோரே, உங்கள் பிள்ளைகளும் இப்படி ஒரு திட்டத்தோடு வருவார்கள். கடலென்று கேட்டவுடன் தடுக்காதீர்கள். கேள்விகள் கேளுங்கள். பயிற்சிச் சான்று எந்த ஆழத்துக்கு உரியது? செல்லும் இடத்தின் நீரோட்டத்துக்குப் போதிய அனுபவம் உண்டா? விபத்து நேர்ந்தால் அழுத்த அறைச் சிகிச்சை எங்கே கிடைக்கும், அதற்கும் அங்கே கொண்டுசேர்ப்பதற்கும் காப்பீடு உண்டா? கடைசி முக்குளிப்புக்கும் விமானத்துக்கும் எத்தனை மணி நேரம்? உடன் இறங்கும் துணை யார்? இவற்றையெல்லாம் கேட்டபின், உடல்நலப் படிவத்தை வாங்கி ஒருமுறை வாசியுங்கள்.

வாசிக்குமுன் இன்னொன்றையும் செய்யுங்கள். அதே பிள்ளையைக் குறித்து நீங்கள் கடைசியாக எழுதிக்கொடுத்த தாளை எடுத்துப் பாருங்கள்.